வியாதியஸ்தர் சொல்வதைக் கேட்டல்: ஒரு பாடம்



மிஷன் மருத்துவமனைகள் ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கைகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். புறநோயாளிகள் இத்தனை பேர், பிரசவங்கள் இத்தனை, அறுவை சிகிச்சைகள் இத்தனை, இலவசமாகக் கொடுத்த மருந்தின் விலை இவ்வளவு என்று கணக்கு இருக்கும். கணக்கு அவசியம்தான். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பது கடமை. ஆனால் படுக்கையில் கிடந்தவருக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன, எதற்குப் பயந்தார், யாரிடம் எதை மறைத்தார் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில் அகப்படுவதில்லை.

காசநோயை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. எத்தனை பேர் இடையில் நிறுத்தினார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணிவிடலாம். ஏன் நிறுத்தினார்கள் என்பது பதிவேட்டில் இராது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று ஒருவர் விடுகிறார். மருந்து வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று இன்னொருவர் விடுகிறார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வீட்டில் மாத்திரை டப்பா இருக்கக்கூடாது என்று ஒரு தாயார் விடுகிறார். மூவருக்கும் ஒரே புத்திமதி சொன்னால் யாருக்கு உதவும்?

இந்த ‘ஏன்’, ‘எப்படி’ என்ற கேள்விகளுக்காகவே ஒரு ஆராய்ச்சி முறை இருக்கிறது. பண்புசார் ஆய்வு என்பார்கள். பெயர் கடினமாக இருந்தாலும் காரியம் எளிது. வியாதிப்பட்டவர்களையும் அவர்களைக் கவனிக்கிறவர்களையும் பேசவிட்டு, பேசியதை அப்படியே பதிவு செய்து, பலமுறை வாசித்து, அதிலிருந்து கற்றுக்கொள்வது. இதற்குப் பணமும் ஆட்களும் செலவாகின்றன. அந்தப் பணத்துக்கு மருந்து வாங்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, இதுவரை கேட்டவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஆர்தர் க்ளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மானிடவியலும் கற்றவர். தைவானில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். டாக்டர் கண்டுபிடிக்கிற வியாதி ஒன்று, மனுஷன் அனுபவிக்கிற நோவு வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நோதல் என்ற சொல்லோடு பிறந்ததுதானே நமது ‘நோய்’. பரிசோதனைச் சீட்டில் இருப்பது வியாதி. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவரிடம் இருப்பது நோவு. ஒரே சர்க்கரை வியாதி பென்ஷன் வாங்குகிற ஆசிரியருக்கு ஒரு நோவு, செருப்பில்லாமல் வயலில் நடக்கிறவருக்கு வேறொரு நோவு.

க்ளைன்மன் இதை முதலில் கற்றது ஒரு குழந்தையிடம். 1960-களில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தீக்காயம்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் காயப்படாத கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. தினமும் அவளைச் சுழல்நீர்த் தொட்டியில் வைத்து வெந்த சதையை அகற்றுவார்கள். அவள் அலறுவாள், நர்சுகளோடு போராடுவாள். வீட்டைப்பற்றி, பள்ளிக்கூடத்தைப்பற்றிக் கேட்டு அவளுடைய கவனத்தைத் திருப்பப் பார்த்தார்; பலிக்கவில்லை. ஒருநாள் வேறு வழி தெரியாமல், இவ்வளவு வேதனையை நீ எப்படித் தாங்குகிறாய், எனக்குச் சொல் என்று அவளிடமே கேட்டுவிட்டார். அவள் அலறுவதை நிறுத்தி, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அதன்பின் ஒவ்வொரு நாளும் சொன்னாள். சிகிச்சையையும் முன்னைவிட நன்றாகத் தாங்கினாள். எவ்வளவு கொடிய வேதனையில் இருப்பவரிடமும் அதைப்பற்றிப் பேச முடியும் என்று அந்தச் சிறுமி தமக்குக் கற்பித்ததாக அவர் பிற்பாடு எழுதினார்.

மருத்துவமனைப் போதகர்களாகிய எங்களுக்கு இந்தக் காரியத்தில் ஒரு முன்னோடி உண்டு என்பதைச் சற்றுப் பெருமையோடே சொல்லுகிறோம். அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-ல் சித்தம் கலங்கி மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் அங்கே இருந்தார். தமக்கு உள்ளே நடந்ததைப்பற்றி யாரும் தம்மிடம் உட்கார்ந்து கேட்கவில்லை என்பதே அவருடைய பெரிய குறை. குணமடைந்தபின் 1924-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் போதகரானார். அடுத்த வருஷமே இறையியல் மாணவர் சிலரை வார்டு உதவியாளராக வேலை செய்யவைத்து, புத்தகங்களை வாசிப்பதுபோல மனிதரையும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஒவ்வொரு நோயாளியும் உயிருள்ள ஒரு ஏடு. இன்று செமினரிகளில் மருத்துவமனைப் பயிற்சி என்று நடக்கிறதெல்லாம் அங்கிருந்து வந்ததே.

இனி லண்டனுக்கு வருவோம். சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரைப்பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். 1918-ல் பிறந்த அவர் முதலில் நர்சு; முதுகுவலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப்பணியாளர் ஆனார். வார்சாவிலிருந்து அகதியாக வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், உணவுவிடுதிப் பரிசாரகர், நாற்பது வயதில் புற்றுநோயால் மரித்துக்கொண்டிருந்தார். உற்றார் உறவினர் யாருமில்லை. சிசிலி அம்மையார் அடிக்கடி அவரிடம் போய்ப் பேசுவார். ஒருநாள் ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி அவர் கேட்க, இவர் மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைச் சொன்னார். இன்னும் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, அவர் வேண்டாமென்றார். உன் மனதிலும் இருதயத்திலும் இருப்பதைச் சொன்னால் போதும் என்பதே அவருடைய விருப்பம். வேதபுத்தகத்தோடு வார்டுக்குள் போகிற எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளுகிறோம். 1948 பிப்ரவரியில் அவர் மரித்தார். 500 பவுன் விட்டுப்போனார். நீ கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்பது அவர் சொன்னதின் கருத்து.

மரிக்கிறவர்களுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு இருந்த அம்மையாரிடம் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், மரிக்கிறவர்களைக் கைவிடுகிறவர்கள் டாக்டர்களே, ஆகவே நீ மருத்துவமே படி என்றார். முப்பது வயதுக்குமேல் படிக்கத் தொடங்கி 1957-ல் டாக்டரானார். 1958 முதல் லண்டன் ஹாக்னியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில் ஆராய்ச்சி செய்தார். 1965 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைப் பதிவு செய்தார். படுக்கையருகே டேப்ரிக்கார்டர் வைத்து அவர்கள் பேசுவதையும் பதிவு செய்தார். வலி எங்கே, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுவதோடு அக்காலத்து டாக்டர்கள் நிறுத்துவார்கள். இவர் வலியைப்பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

அப்படிக் கேட்டபோது ஒரு பெண்மணி சொன்ன பதில் மருத்துவ உலகத்தில் பிரசித்தமானது. முதுகில் தொடங்கிய வலி என்று ஆரம்பித்தார். இப்போது என்னில் எல்லாமே கெட்டுவிட்டதுபோல் இருக்கிறது என்றார். பிறகு புருஷனும் மகனும் நன்றாகப் பார்த்துக்கொண்டதையும், அவர்கள் தன்னிமித்தம் வேலைக்குப் போகாதிருந்தால் சம்பளம் போய்விடுமே என்ற கவலையையும் சொன்னார். மாத்திரைக்கும் ஊசிக்கும் ஏங்கியதையும், தன்னை யாருமே புரிந்துகொள்ளவில்லை என்று எண்ணியதையும் சொன்னார். கேட்டது வலியைப்பற்றி, வந்தது ஒரு குடும்பத்தின் கதை. உடம்பின் வலி, மனதின் வலி, வீட்டுக் கஷ்டம், ஆத்துமாவின் கலக்கம் எல்லாம் இதில் சேர்ந்திருப்பதைக் கண்டு அம்மையார் 1964-ல் ‘முழுமையான வலி’ என்று ஒரு பெயர் வைத்தார்.

இது வெறும் பெயரோடு நிற்கவில்லை. வலி வந்து நோயாளி கதறியபின் மார்பின் கொடுப்பது அக்கால வழக்கம். அடிமைப்பட்டுவிடுவார்களோ என்ற பயத்தால் இழுத்தடித்துக் கொடுப்பார்கள். நோயாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அடுத்த வலி வருமே என்ற பயமே வலியைக் கூட்டுகிறது என்பது அவர்களுடைய பேச்சிலிருந்து தெரியவந்தது. ஆகவே வலி திரும்புமுன்பே, நேரம் தவறாமல், வாய்வழியாக மருந்து கொடுக்கும் முறையை அம்மையார் நிலைநாட்டினார். அந்த முறையை முன்பு வேறோர் இல்லத்தில் அவர் கண்டிருந்தார்; அது ஏன் நல்லது என்பதை நோயாளிகளின் வார்த்தைகளே காட்டின. 1967-ல் லண்டன் சிடன்ஹாமில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். டாஸ்மாவின் ஜன்னல் அங்கே இருக்கிறது. அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்டப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 2005-ல் அதே இல்லத்தில் அம்மையார் மரித்தார். இன்று நம் நாட்டிலும் வலிதணிப்புச் சேவை என்று நடப்பதின் வேர் அந்த டேப்ரிக்கார்டரில் இருக்கிறது என்றால் மிகையாகாது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1965-ல், சிகாகோவில் இறையியல் மாணவர் நால்வர் டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவர்களிடம் வந்தார்கள். மனித வாழ்வில் வரும் நெருக்கடிகளைப்பற்றி அவர்கள் கட்டுரை எழுதவேண்டும். மரணத்தைவிடப் பெரிய நெருக்கடி எது? அப்படியானால் மரிக்கிறவர்களையே ஆசிரியராக வைத்துக்கொள்வோம் என்றார் அம்மையார். நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ள அந்த மருத்துவமனையில் வார்டு வார்டாகப் போய்க் கேட்டார். மரிக்கிற நோயாளி யாருமே எங்களிடம் இல்லை என்பதே டாக்டர்களின் பதில்! கடைசியில் ஒரு முதியவர் கிடைத்தார். அவர் அப்போதே பேச ஆவலாயிருந்தார். மாணவரோடு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மையார் போனார். மறுநாள் மாணவரோடு வந்தபோது அவருக்குப் பேசப் பெலனில்லை. முயற்சி செய்ததற்கு நன்றி என்று முனகினார். ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டார்.

அதற்குப்பின் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பேசி 1969-ல் புத்தகம் வெளியிட்டார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல் என்ற ஐந்து படிகள் அதிலிருந்து வந்தவை. எங்கள் தலைமுறைப் போதகர்கள் இவற்றைப் பாடமாகப் படித்தோம். ஆனால் எல்லாரும் இந்தப் படிகளில் வரிசையாக ஏறுகிறார்கள் என்பதைப் பிந்திய ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மையாரும் எல்லாருக்கும் இது ஒரேமாதிரி நடக்கும் என்று கருதவில்லை. அப்படியிருந்தும், இவர் இப்போது கோபப் படியில் இருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பேச்சைக் கேட்டு உண்டாக்கிய அட்டவணையே பேச்சைக் கேளாதிருக்கச் சாக்காகிவிடுகிறது. அந்த மனுஷன் எதற்காகக் கோபமாயிருக்கிறான்? ஒருவேளை காலைக் காப்பி ஆறிப்போயிருக்கலாம். ஒருவேளை மூத்த மகன் வரவில்லை.

சான்பிரான்சிஸ்கோ பகுதியில் பார்னி க்ளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர் ஆறு மருத்துவமனைகளில் வார்டுகளிலேயே இருந்து கவனித்தார்கள். அவர்களோடு ஜீன் குவின்ட் என்ற நர்சும் இருந்தார். மரணம் நெருங்குவது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை 1965-ல் நான்கு வகையாக எழுதினார்கள். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும் என்பது ஒன்று. நோயாளி சந்தேகப்படுகிறார், மற்றவர்கள் மழுப்புகிறார்கள் என்பது இரண்டாவது. நோயாளிக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், ஆனால் இரு பக்கமும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள் என்பது மூன்றாவது. எல்லாரும் அறிந்து பேசிக்கொள்வது நான்காவது.

மூன்றாவதை வாசித்தபோது, இது நம் ஊரைப்பற்றி எழுதியதோ என்று எங்களுக்குத் தோன்றியது. வராந்தாவில் மகன் எங்களை ஓரமாக அழைத்து, “ஐயா, அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க ஜெபம் பண்ணும்போது தப்பித்தவறி வாய்விட்டுறாதீங்க” என்பார். உள்ளே போனால், அப்பா தலையணைக்கடியிலிருந்து பத்திரத்தை எடுத்து, “பையன்கிட்ட இப்ப சொல்லாதீங்கய்யா, பயந்துருவான்” என்பார். இருவரும் ஒருவரையொருவர் அன்பினால் காப்பாற்றுகிறார்கள். அந்த அன்பின் விலை என்னவென்றால், இருவரும் தனித்தனியே அழுகிறார்கள். இதில் எப்போதும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று சட்டம் போடுகிற துணிவு எங்களுக்கு இல்லை. அமெரிக்காவிலும் 1961-ல் கேட்டபோது புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லுவதில்லை என்பதே நூற்றுக்கு 90 டாக்டர்களின் வழக்கமாக இருந்தது. 1979-ல் அதே கேள்வியைக் கேட்டபோது சொல்லவேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு 97. பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு பெரிய மாறுதல். இடையில் வந்த இந்தக் கேட்டெழுதிய புத்தகங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறோம்.

வேலூரில் நடந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் மிஷன் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அப்படி நிமிர்ந்த கையோடு போன ஒருவர் திரும்பிவந்து, இந்தக் கைகள் பிச்சையெடுக்க உதவாத கைகள் என்றார். விரல் மடங்கியிருந்தபோது இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள், நிமிர்ந்தபின் போடவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை. அந்த முறைப்பாட்டை நன்றிகெட்ட பேச்சு என்று தள்ளிவிட்டிருக்கலாம். டாக்டர் தள்ளவில்லை. தச்சு முதலிய கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் நவஜீவ நிலையம் அதிலிருந்து பிறந்தது. அங்கே தங்கியிருந்த வாலிபர்களிடம் ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று விடாமல் விசாரித்தார்கள். காலையில் எழும்பும்போது விரலில் சதை காணாமற்போயிருப்பதற்குக் காரணம் தெரியவில்லை. இரவில் விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன்பின் வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை வளர்க்கும் ஏற்பாடு செய்தார்கள். எந்த மருந்துக் கம்பெனியும் விற்காத மருந்து அது.

இனி, இந்த ஆய்வை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஆயிரம் பேரிடம் கேட்கவேண்டியதில்லை. முப்பது, நாற்பது பேர் போதும். ஆனால் பலவிதமானவர்களாக இருக்கவேண்டும். ஆணும் பெண்ணும், பட்டணத்தாரும் கிராமத்தாரும், குணமானவரும் குணமாகாதவரும், பாதியில் சிகிச்சையை விட்டவரும் வேண்டும். புதிதாகக் கேட்கிறவர்களிடமிருந்து புதிய காரியம் எதுவும் வராமற்போகும்வரை கேட்டுக்கொண்டே போகிறார்கள். கூடுமானால் அவரவர் வீட்டிலேயே சந்திக்கிறார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்பதில்லை. முதலில் இருந்து சொல்லுங்கள் என்கிறார்கள். பதிவானதை வார்த்தை விடாமல் எழுதுகிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். செலவெல்லாம் இங்கேதான். பின்பு ஒருவருக்கு இருவராக வாசித்து, எந்தக் காரியம் திரும்பத் திரும்ப வருகிறது, எது அதற்கு மாறாக நிற்கிறது என்று பிரித்து வைக்கிறார்கள்.

யார் கேட்பது என்பது சிறிய காரியமல்ல. வைத்தியம் பார்த்த டாக்டரே போய், இங்கே கவனிப்பு எப்படி என்று கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கய்யா” என்றுதான் வரும். நாளைக்கும் அவர் கையில்தானே ஊசி! போதகர் போனாலும் அப்படியே. அங்கியைப் பார்த்ததும் ஜனங்கள் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். ஆகவே சிகிச்சையில் சம்பந்தமில்லாத, அந்த ஊர்ப் பேச்சு பேசத்தெரிந்த ஒருவர் கேட்பதே நலம். சம்மதம் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ரேகை வைத்துவிட்டால் சம்மதம் ஆகிவிடாது. மாட்டேன் என்றாலும் மருந்து நிற்காது என்பதை அவர் நம்பவேண்டும்.

இம்மாதிரிப் பத்திரிகைகளில் வரும் சாட்சிகளையும் இந்த ஆய்வையும் ஒன்றென்று எண்ணவேண்டாம். சாட்சி என்பது குணமானவர் தாமாக முன்வந்து நன்றியோடு சொல்வது. அது நல்லது, அதற்கு இடமுண்டு. ஆய்வோ, நன்றி சொல்ல வராதவரைத் தேடிப்போகவேண்டும். காசில்லாமல் கேட்டிலிருந்தே திரும்பியவரையும், சிஸ்டர் அதட்டியதால் மறுபடி வராதவரையும், பிள்ளையை இழந்த தாயையும் தேடவேண்டும். படமும் பெயரும் போட்டுப் பணம் திரட்ட அவர்களுடைய வார்த்தையை எடுக்கலாகாது. ஓர் ஊழியத்தை ஆதரிக்கிறவர்கள் சந்தோஷக் கதைகளோடு இதையும் கேட்டு வாங்குவது அவர்களுடைய உரிமை என்பது எங்கள் எண்ணம்.

சபையிலிருந்து வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். காரணம் சொல்ல வாயைத் திறந்தபின்பே காரியம் கெட்டது. க்ளைன்மனும் அவருடைய தோழரும் 1978-ல் டாக்டர்களுக்கென்று சில கேள்விகளை எழுதினார்கள். நம் ஊர்ப் பேச்சில் அவை இப்படி இருக்கும். இது என்ன நோவென்று நீங்கள் நினைக்கிறீர்கள், உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர்? எதனால் வந்தது? ஏன் இப்போது வந்தது? உடம்பை என்ன செய்கிறது? எவ்வளவு நாள் இருக்குமென்று நினைக்கிறீர்கள்? எந்த வைத்தியம் கேட்கும் என்று தோன்றுகிறது? இதனால் வீட்டில் என்ன கஷ்டம்? எதைக்குறித்து அதிகப் பயம்? இந்த வழியைப் பின்பற்றியே பம்பாயில் தொழுநோயாளரிடம் கேட்பதற்கு ஒரு முறையை மிச்சல் வைஸ் என்பவரும் இந்திய ஆராய்ச்சியாளரும் உண்டாக்கினார்கள்; 1992-ல் அது வெளியாயிற்று. வியாதியை யாரிடம் மறைக்கிறீர்கள், தெரிந்தால் அயலார் என்ன செய்வார்கள் என்பவையும் அதில் உண்டு. இன்று பல நாடுகளில் பல வியாதிகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த எட்டையும் ஒரே நாளில் கேட்டுவிடவேண்டாம், விசாரணைபோல் ஆகிவிடும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேட்கட்டும், மற்றவர் சும்மா இருக்கட்டும். எதனால் வந்தது என்றதற்குச் செய்வினை என்றோ பாவத்தின் பலன் என்றோ சொன்னால், அங்கேயே திருத்தப் புறப்படாமல் அடுத்ததைக் கேளுங்கள். பயத்தைப்பற்றிய கேள்வியைக் கடைசியில், நேரமிருந்தால் மட்டும் கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்திருக்கக்கூடாது. படுக்கையருகே நோட்டுப்புத்தகத்தை எடுக்காமல், வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், பேரை எழுதவேண்டாம். அதைச் சபைக்கூட்டத்தில் வாசிப்பதானால் மறுபடியும் போய் அவரிடம் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். வேண்டாமென்றால் கிழித்துவிடுங்கள்.